வாசிக்காத நேரத்தில் இன்னா கேட்டே?

வாசகர் கேள்வி - பதில்

(இந்த இதழில் பதில் சொல்பவர் புளியந்தோப்பில் பிறந்து, பெரம்பூரில் ஜாஸ் கற்று, 12 ஆண்டுகள் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர். அதன் பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் ரெக்கார்டிங் இன்ஜினியராக வேலை பார்த்தார்.)

நன்றாக வாசித்துக்கொண்டிருந்தவர் ஏன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தீர்கள்? வருத்தம் இல்லையா?
- கல்லூரி மாணவர், வியாசர்பாடி

தம்பி, வருத்தம் இருந்தது. இரண்டு வருஷம் நன்றாகவே இருந்தது. ஏன் போனேன் என்பதை முதலில் இருந்து சொன்னால்தான் அது புரியும்.

எங்கள் நைனாவுக்குப் பகலில் பி அண்ட் சி மில்லில் வேலை, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பேண்ட் செட்டில் கிளாரினெட். கல்யாண ஊர்வலம், சாவு, மாதா கோயில் திருவிழா, எதற்குக் கூப்பிட்டாலும் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்களுக்கு ஒரே அறைதான், அதில் ஆணியில் தொங்கும் கிளாரினெட் பெட்டியைத் தொட்டால் அடி விழும் என்பதால் அவர் மில்லுக்குப் போன பிறகுதான் தொடுவேன். 1972-ல், எனக்கு 14 வயதில், அதைக் கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை. கையைப் பிடித்துப் பெரம்பூருக்கு அழைத்துப்போய், ரயில்வேயில் இன்ஜின் டிரைவராக இருந்து ரிட்டையரான ஒரு ஆங்கிலோ இந்தியரிடம் விட்டுவிட்டு வந்தார். அவர் பெயரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது, நாங்கள் மாஸ்டர் என்றுதான் சொல்வோம்.

மாஸ்டர் வீட்டில் நாங்கள் நாலு பசங்கள். ஒருத்தன் டபுள் பேஸ், ஒருத்தன் டிரம்ஸ், ஒருத்தன் ட்ரம்பெட், நான் சாக்ஸ். ஜாஸ் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் எல்லாரும் சேர்ந்து பாட்டின் மெட்டை வாசிப்போம், அப்புறம் ஒவ்வொருவராக அதே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) வரிசைக்குள் சொந்தக் கற்பனையில் வாசிக்க வேண்டும், கடைசியில் மறுபடி மெட்டுக்கு வந்து முடிப்போம். நம் கச்சேரியில் கல்பனா ஸ்வரம் பாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே ராகமும் தாளமும் எல்லை கட்டுகிற மாதிரி இங்கே கார்டுகளின் சுற்று எல்லை கட்டும்.

நான் என் முறை வந்ததும் உயிரைக் கொடுத்து ஊதிவிட்டு மாஸ்டர் முகத்தைப் பார்ப்பேன். என் சோலோவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "சரி மேன், ட்ரம்பெட் வாசிச்சப்ப பேஸ் இன்னா வாசிச்சான்? ஊதிக் காட்டு" என்பார். தெரியாது என்றால் அன்றைக்கு மூலையில் உட்கார வேண்டியதுதான். "நீ வாசிக்கிறது எனக்கே கேக்குது. வாசிக்காத நேரத்துல நீ இன்னா கேட்டே, அத சொல்லு." இப்படி ஆறு வருஷம்.

1978-லிருந்து ஓட்டல் பேண்ட், கிறிஸ்துமஸ் டான்ஸ், நியூ இயர் டான்ஸ். 1982-லிருந்து கோடம்பாக்கத்தில் சினிமா ரெக்கார்டிங்கும் வர ஆரம்பித்தது. ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் என் சாக்ஸுக்கு மைக்கை நேராகக் குழலின் அகன்ற வாய்க்குள்ளேயே விடுகிற மாதிரி வைத்தார்கள். அங்கே இருந்த இன்ஜினியரிடம், "சார், சாக்ஸில் சத்தம் அந்தக் குழல் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை, கீழ் நோட்டு அங்கே வரும், மற்ற நோட்டெல்லாம் பாதிக்கு மேல் திறந்திருக்கிற ஓட்டைகள் வழியாக வரும், மைக்கைக் கொஞ்சம் பின்னால் இழுத்து நடு உடம்பைப் பார்த்து வையுங்கள்" என்று பயந்துகொண்டே சொன்னேன். வைத்துக் கேட்டவர், "நீ உள்ளே வா" என்று கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் வாத்தியத்தை வெளியில் இருந்து கேட்டேன். அப்புறம் எனக்கு வேலை இல்லாத பிட்டுகளின்போது டீக்கடைக்குப் போகாமல் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

80-களின் கடைசியில் கீபோர்டுக்குள்ளேயே சாக்ஸ் வந்துவிட்டது. பிழியப்பட்ட சத்தம்தான், ஆனாலும் பி.ஜி.எம்.முக்கு அது போதும் என்று நினைத்தார்கள். மாதத்துக்கு 15 கால்ஷீட் போனவனுக்கு 1990-ல் இரண்டு மூன்று வந்தாலே பெரிய விஷயம். வீட்டில் இரண்டு குழந்தைகள். அதே இன்ஜினியர்தான், "அசிஸ்டென்டா வா, கேபிள் சுத்து" என்றார். 32 வயதில் கேபிள் சுற்றினேன், மைக் ஸ்டாண்ட் தூக்கினேன். வாசித்து வாங்கியதில் பாதிகூட வராது. கூட வாசித்தவர்கள் உள்ளே வரும்போது அவர்களுக்கு ஹெட்போன் எடுத்துக் கொடுப்பேன், அப்போது இரண்டு பேருமே முகத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டோம். வருத்தம் என்று நீங்கள் கேட்டது அதுதான்.

அது எப்போது போனது என்றும் சரியாகச் சொல்ல முடியும். ஒருநாள் பெரிய ஸ்ட்ரிங்ஸ் செக்ஷன், ஐந்தாவது டேக், எங்கேயோ சரியில்லை, யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு வயலின் இரண்டாம் பாரில் (தாளச் சுற்றில்) சுதி கொஞ்சம் கீழே நிற்கிறது என்று என் வாயில் தானாக வந்துவிட்டது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார், சுதி பார்த்தார்கள், இருந்தது. பெரம்பூர் வீட்டு மூலையில் உட்கார்ந்து கற்றது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. வாத்தியக்காரனாக இருந்தபோது அதில் பாதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட் டான்ஸ் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நம் பக்கம் ஜாஸ் இருந்தது என்றால் பேரன் நம்பமாட்டேன் என்கிறான்.
- ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

ஐயா, பேரனிடம் ரயில்வேயில் இருந்து ஆரம்பித்துச் சொல்லுங்கள். ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது 1856-ல். பெரம்பூரில் ஒர்க்‌ஷாப் வளர வளர டிரைவர், ஃபோர்மேன், கார்டு என்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சுற்றிலும் குடியேறின. அவர்கள் இருந்த இடத்தில் எல்லாம் இன்ஸ்டிடியூட், அதாவது ரயில்வேக்காரர்கள் கிளப், இருந்தது, இன்ஸ்டிடியூட் இருந்தால் டான்ஸ் இருந்தது, டான்ஸுக்கு பேண்ட் வேண்டும். தரையில் பவுடர் தூவி வழுக்க விடுவார்களே, அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நான் வாசிக்க வந்த காலத்தில் பாதிக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டிருந்தன. போகிறவர்கள் விற்ற ரெக்கார்டுகள் மூர் மார்க்கெட்டில் வந்து குவியும், எங்கள் படிப்பு பாதி அங்கேதான் நடந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த மறுநாள் நானும் எங்கள் டிரம்மரும் போய் வெளியே நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தோம்.

இன்னொன்றும் பேரனுக்குச் சொல்லுங்கள். 1958-ல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குவார்டெட், நாலு பேர் குழு, மெட்ராஸுக்கே வந்தது. பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கம் வாசித்து அவர்கள் கேட்டார்கள், சேர்ந்தும் வாசித்தார்கள். அடுத்த வருஷம் அதே குவார்டெட் நியூயார்க்கில் பதிவு செய்த, ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிற 'டேக் ஃபைவ்' உலகம் முழுக்கப் போனது. மெட்டு போட்டவர் அவர்களுடைய சாக்ஸ் வாசிப்பாளர் பால் டெஸ்மண்ட். நம் கண்ட சாபுவும் ஐந்துதான், ஆனால் நாம் இரண்டு-மூன்று என்று உடைக்கிறோம், அது மூன்று-இரண்டு என்று நடக்கும். பேரனைக் கைதட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், நம்பிவிடுவான்.

வாசிப்பை விட்டு ரெக்கார்டிங் பக்கம் வந்த ஜாஸ் கலைஞர்கள் வெளிநாட்டில் உண்டா? வாசிக்கத் தெரிந்தவர்தான் நல்ல இன்ஜினியர் ஆக முடியுமா?
- பள்ளி இசை ஆசிரியை, கொளத்தூர்

நிறையப் பேர் உண்டு டீச்சர். எனக்கு மனசுக்கு நெருக்கமான மூன்று பேரை மட்டும் சொல்கிறேன், மூன்றாமவர் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்.

லெஸ் பால் என்றால் இன்றைக்குக் கிட்டார் பெயராகத்தான் பசங்களுக்குத் தெரியும். அவர் ஜாஸ் கிட்டார் கலைஞர், 1944-ல் லாஸ் ஏஞ்சலஸில் நாட் கிங் கோலோடு மேடையில் வாசித்தவர். ஹாலிவுட்டில் தன் வீட்டு கராஜில் ரெக்கார்டு வெட்டும் இயந்திரம் வைத்து, ஒரு தட்டில் கிட்டார் வாசித்துப் பதிவு செய்து, அதை ஓடவிட்டு அதனுடன் இன்னொரு கிட்டார் வாசித்து இரண்டாவது தட்டில் பதிவு செய்து, இப்படி அடுக்கு மேல் அடுக்காகப் போனார். ஏழாவது அடுக்கில் ஒரு நோட்டு பிசகினால் அந்த அடுக்கே வீண். ஒவ்வொரு தடவை நகல் எடுக்கும்போதும் பழைய அடுக்கு மங்கும் என்பதால், எது மங்கினால் பரவாயில்லையோ அதை முதலில் வாசிப்பார், முக்கியமானதைக் கடைசியில். முடிந்த பாட்டு முழுக்க மண்டைக்குள் கேட்டால்தான் இப்படித் தலைகீழாக வேலை செய்ய முடியும். 1948-ல் கார் விபத்தில் வலது கை முழங்கை நொறுங்கியது, மூட்டை இனி மடக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னபோது, கிட்டாரைப் பிடிக்கிற கோணத்தில் வைத்தே அதைப் பொருத்தச் சொன்னார். அடுத்த வருஷம் பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஒரு ஆம்பெக்ஸ் டேப் மெஷின் கொடுத்தார். அதில் கூடுதலாக ஒரு ஹெட் பொருத்தி, தட்டில் செய்ததை டேப்பில் செய்தார். 1957-ல் ஆம்பெக்ஸ் அவருக்காக எட்டு ட்ராக் மெஷினே, ஒரே டேப்பில் எட்டு வரிசையாகத் தனித்தனியே பதிவு செய்வது, செய்து கொடுத்தது. இன்றைக்கு லேப்டாப்பில் ட்ராக் மேல் ட்ராக் போடுகிறோமே, அந்தப் பழக்கம் வந்த வழி இது. 2009-ல், 94 வயதில் இறக்கும் வருஷம் வரை திங்கட்கிழமை ராத்திரிகளில் நியூயார்க் கிளப்பில் வாசித்தார். அவர் இரண்டையும் விடவில்லை.

போன்ஸ் ஹோவ் ஜாஸ் டிரம்மர், ஜார்ஜியா டெக்கில் எலக்ட்ரிகல் படித்தவர். 1956-ல் லாஸ் ஏஞ்சலஸ் போய் ரேடியோ ரெக்கார்டர்ஸ் ஸ்டூடியோவில் சேர்ந்தார். பின்னால் பெரிய பெரிய பாப் ஹிட்டுகளுக்கு இன்ஜினியர், தயாரிப்பாளர். ஆனால் எனக்குப் பிடித்தது அவர் 1976-ல் பாடகர் டாம் வெய்ட்ஸுக்குச் செய்த ஆல்பம். 24 ட்ராக் டேப் சாதாரணமாகக் கிடைத்த காலத்தில், எல்லாரையும் ஒன்றாக வாசிக்கவிட்டு நேராக இரண்டு ட்ராக்கில் இறக்கினார். பிறகு மிக்ஸ் பண்ணுகிற பேச்சே இல்லை, வாசிக்கும்போதே மிக்ஸ் முடிந்துவிடும். அதில் டிரம்ஸ் ஷெல்லி மேன். டிரம்மர் ஒருவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பக்கம் இருக்கிற டிரம்மரை முழுசாக நம்புகிறார் என்பதை அந்த ரெக்கார்டில் கேட்கலாம்.

மூன்றாமவர் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், ராத்திரியில் நியூஜெர்சியில் அப்பா அம்மா வீட்டு ஹாலில் ரெக்கார்டிங். 50-களின் ஜாஸில் பாதி அந்த ஹாலில் பதிவானது என்றே எனக்குத் தோன்றும், அவ்வளவு செய்தார். 1959-ல்தான் தொழிலை விட்டுவிட்டுத் தனியாக உயரமான கூரையோடு ஸ்டூடியோ கட்டினார், 1964 டிசம்பரில் சாக்ஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தன் மிகப் பெரிய பதிவான 'எ லவ் சுப்ரீம்' செய்தது அங்கேதான். அவர் வாத்தியத்தைத் தொழிலாக வாசித்தவர் இல்லை. அதனால் வாசித்தால்தான் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். வாசிக்கிறவர்கள் நடுவே போய் உட்கார்ந்து, அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கேட்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் கவனிக்காமல் முடியாது என்று சொல்வேன். உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் மாஸ்டரின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள் டீச்சர், பக்கத்துப் பையன் என்ன வாசித்தான் என்று.

நாங்கள் நாலு பேர் கானா பாடுகிறோம். வீட்டிலேயே பதிவு செய்தால் கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. டோலக் குரலை அமுக்குகிறது. தனித்தனியாகப் பதிவு செய்தால் சுத்தமாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை.
- கானா பாடகர், காசிமேடு

தம்பி, கடைசி வரியில் நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒரே அறையில் சேர்ந்து பாடுங்கள், மற்றதைச் சரிசெய்யலாம்.

கிணறு மாதிரி கேட்பது அறையின் வேலை. டைல்ஸ் தரை, வெறும் சுவர், தகரமோ கான்கிரீட்டோ மேலே, நீங்கள் பாடுவது நாலு பக்கமும் மோதித் திரும்பி மைக்குக்கு வருகிறது. காசு செலவழிக்க வேண்டாம். தரையில் பாய் போட்டு அதன் மேல் ஜமுக்காளம், பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், துணி அடைத்த பீரோவைத் திறந்து வையுங்கள். மூலையில் நிற்காதீர்கள், அறையின் நட்டநடுவிலும் வேண்டாம், நடுவில் இருந்து ஒரு பக்கம் தள்ளி நில்லுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஆஃப். உங்கள் பக்கம் விடியற்காலையில் ஏலமும் ஐஸ் லாரியும், அதனால் மத்தியானத்தில் அடங்குகிற நேரமாகப் பாருங்கள்.

மைக். இந்த மாதிரி அறைக்கு கண்டென்சர் மைக் எதிரி, தெருவில் போகிற ஆட்டோவையும் பிடிக்கும். மேடையில் பாடுகிற சாதாரண டைனமிக் மைக் எடுங்கள், 1966-லிருந்து விற்கிற ஷூர் எஸ்.எம். 58 இன்னும் உலகம் முழுக்க ஓடுகிறது. வாயில் ஒட்டவும் வேண்டாம், தள்ளியும் வேண்டாம், அரைச் சாண் தூரம். ஒட்டினால் இந்த வகை மைக்கில் குரலின் அடிச்சத்தம் ஊதிப்போகும், மாலைக் கச்சேரி அறிவிப்பாளர் குரல் மாதிரி ஆகிவிடும். 'ப', 'ப்பா' வெடிக்காமல் இருக்க மைக்கைச் சற்று ஓரமாகத் திருப்புங்கள்.

இப்போது டோலக். இந்த மைக்குகளுக்கு முன்பக்கம்தான் காது, முதுகுப்பக்கம் கிட்டத்தட்ட செவிடு. அதனால் டோலக்காரரைப் பாடகர் மைக்கின் முதுகுக்கு நேராக, எதிரில் உட்கார வையுங்கள், பாடகரும் அவரும் முகம் பார்க்கிற மாதிரி. டோலக்குக்குத் தனி மைக் வைத்தால், ஒரு முகத்தில் குத்தி வைக்காமல் இரண்டு முகமும் கேட்கிற மாதிரி முன்னால் ஒரு அடி, ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். மைக்குகளுக்கு இடையில் எவ்வளவு தூரம் என்பதற்கு நாங்கள் பார்க்கிற கணக்கு ஒன்றுக்கு மூன்று. மைக் வாத்தியத்துக்கு ஒரு அடியில் இருந்தால் அடுத்த மைக் குறைந்தது மூன்று அடி தள்ளி. ஏன் என்றால் சத்தம் ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். ஒரே அடி இரண்டு மைக்கில் கொஞ்சம் முன்னே பின்னே வந்து விழுந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், டோலக் சவசவ என்று கேட்கும். அப்படிக் கேட்டால் ஈக்வலைசரைத் திருகாதீர்கள், மைக்கைத் தூக்கி வேறு இடத்தில் வையுங்கள். ரெக்கார்டிங் லெவல் உச்சியில் மீட்டரில் மைனஸ் 6 டெசிபல் தாண்ட வேண்டாம், 24 பிட்டில் பதிவு செய்தால் குறைவாக இருந்தாலும் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெடித்ததை யாராலும் ஒட்ட முடியாது.

எக்கோவைக் கடைசியில், கொஞ்சமாக. கிளிக் ட்ராக் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். கானாவில் பாடகர் ஒரு வார்த்தையை இழுத்துப் பிடிப்பார், டோலக் அவருக்காகக் காத்திருந்து சேர்த்து அடிக்கும், சாவு வீட்டில் ராத்திரி பாடும்போது பார்த்திருக்கிறேன், பாடகரின் மூச்சைப் பார்த்துத்தான் டோலக்காரரின் கை இறங்கும். அதை மெஷினின் டிக் டிக்கில் கட்டிப்போட்டால் பாட்டு எழுதியவர் பட்ட துக்கம் எங்கே போய் உட்காரும்? குரல் மைக்கில் டோலக் கொஞ்சம் கசிந்தால் கசியட்டும். பழைய ஜாஸ் ரெக்கார்டுகளில் எல்லாம் கசிவு இருக்கிறது, ஆட்கள் ஒரே அறையில் இருந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

என் மகன் பி.காம். இரண்டாம் வருஷம். விட்டுவிட்டு சவுண்ட் இன்ஜினியரிங் கோர்ஸ் சேரப் போகிறேன் என்கிறான். லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?
- இல்லத்தரசி, ராயபுரம்

வைக்காதீர்கள் அம்மா. பி.காமை முடிக்கட்டும், ஒன்றரை வருஷத்தில் சினிமா எங்கேயும் ஓடிப்போகாது.

அதற்குள் சனி ஞாயிறுகளில் அவனை ஒரு ஸ்பீக்கர் செட் வாடகைக்காரரிடமோ, உங்கள் பக்கம் இருக்கிற கோயில் எதிலாவது மைக் பார்க்கிறவரிடமோ அனுப்புங்கள். சம்பளம் கேட்க வேண்டாம். கேபிள் சுற்றட்டும், அறுந்த ஒயருக்கு சால்டர் வைக்கட்டும், எர்த் சரியில்லாத இடத்தில் 'ஹும்' என்று வருகிற சத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்க்கட்டும். ஆறு மாதம் கழித்தும் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டாண்ட் எல்லாம் மடித்து வண்டி ஏற்றிவிட்டுச் சிரித்த முகமாக வீட்டுக்கு வருகிறான் என்றால் அவனுக்கு இது ஆகும்.

அப்போது படிக்க வைக்க வேண்டுமென்றால் தரமணியில் அரசாங்கத்தின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஒலிப்பதிவுக்குப் பட்டப்படிப்பே உண்டு, முதலில் அங்கே விசாரியுங்கள். கூடவே ஏதாவது ஒரு வாத்தியம், கீபோர்டோ தபலாவோ எதுவானாலும், ஒரு குருவிடம் உட்கார்ந்து கற்கட்டும். பெரிய வித்வான் ஆக வேண்டியதில்லை. வாசிக்கிறவனுக்கு எந்த இடத்தில் பயம் வரும் என்று தெரிந்தால் போதும், அந்த நேரத்தில் டாக்பேக்கை, கண்ணாடி அறையிலிருந்து உள்ளே பேசுகிற பட்டனை, அழுத்தி "இன்னொரு தடவை" என்று கடுகடுப்பாகச் சொல்ல மாட்டான்.

ரெக்கார்டிங்கில் நீங்கள் செய்த பெரிய தப்பு?
- வாசகர், தண்டையார்பேட்டை

1993. ஒரு பெரியவர், நாதஸ்வர வித்வான், ஒரே டேக்கில் வாசித்துவிட்டு வெளியே காற்று வாங்கப் போயிருந்தார். அடுத்து ஃப்ளூட்டில் இரண்டு பார் மட்டும் பஞ்ச் பண்ண வேண்டும், அதாவது டேப் ஓடும்போதே அந்த இடத்தை மட்டும் அழித்துப் புதிதாகப் பதிய வேண்டும். ஃப்ளூட் 11-வது ட்ராக். நாதஸ்வரம் இருந்த 10-வது ட்ராக்கின் ரெக்கார்டு ரெடி பட்டனை நான் அணைக்கவில்லை. டேப் ஓடியது, சிவப்பு விளக்கு இரண்டு இடத்தில் எரிந்தது, எனக்கு அது தெரிவதற்குள் எட்டு செகண்ட் போய்விட்டது. டேப்பில் அழிந்தது அழிந்ததுதான், கம்ப்யூட்டர் மாதிரி திரும்பக் கொண்டுவர எதுவும் கிடையாது.

அவரிடம் நானே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்தினார், உள்ளே வந்து மறுபடி வாசித்தார். எல்லாரும் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். முதல் தடவை அந்த இடத்தில் அவர் ஒரு கமகத்தை அசைத்துவிட்டு அப்படியே நிறுத்தினார், இரண்டாவது தடவை அது வரவில்லை. அது எப்படி இருந்தது என்று தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான், 30 வருஷமாகத் தெரிகிறது. அன்றிலிருந்து ட்ராக் ஷீட்டைக் கையால் எழுதி, ஒவ்வொரு பஞ்சுக்கு முன்னாலும் விரலை வைத்து வாய்விட்டுப் படிப்பேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதை விடவில்லை.

பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 மார்ச் 2-லும் ஏப்ரல் 22-லும் நியூயார்க்கில், முன்பு சர்ச்சாக இருந்த ஒரு கொலம்பியா ஸ்டூடியோவில் பதிவானது. மார்ச் மாதம் மாஸ்டர் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுதி ஏறும். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருந்த மூன்று உருப்படிகளும் நிஜச் சுதிக்கு ஒரு மயிரிழை மேலேயே உலகம் முழுக்கச் சுற்றின. அந்த ரெக்கார்டோடு கூட வாசித்துப் பழகிய எங்களுக்கு ஏன் எப்போதும் வாத்தியத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சுதி சேர்க்க வேண்டியிருக்கிறது என்று குழப்பம், நம் சாக்ஸ் மட்டம் என்றே நினைத்துக்கொண்டோம். நல்லவேளையாக அன்றைக்கு இன்னொரு மெஷினிலும் பாதுகாப்புக்காகப் பதிவு செய்திருந்தார்கள், அதன் வேகம் சரியாக இருந்தது. அதை எடுத்து 1992-ல் திருத்தி வெளியிட்டார்கள். 33 வருஷம்!

பேண்ட் செட்டில் டிரம் அடிக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் காதில் 'ங்ஙீ' என்று சத்தம். தூங்கி எழுந்தால் போய்விடுகிறது. பயப்பட வேண்டுமா?
- வாசகர், பட்டாளம்

பயப்படுங்கள். போய்விடுகிறது என்று விட்டுவிடாதீர்கள், ஒருநாள் போகாது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது வேலையிடங்களுக்கு அமெரிக்க நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கு. 94-க்கு ஒரு மணி நேரம். 100-க்கு 15 நிமிஷம். உங்கள் டிரம்மும் பக்கத்தில் ட்ரம்பெட்டும் சேர்ந்தால் 100 சாதாரணம், ஊர்வலமோ மூன்று மணி நேரம். நுரையில் செய்த காதடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கும், போட்டுக்கொள்ளுங்கள், யாராவது கேலி செய்தால் என் பெயரைச் சொல்லுங்கள். ஒரு தடவை ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டி, காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். நைனாவுக்குக் கடைசிப் பத்து வருஷம் இடது காது கேட்கவில்லை. அவருக்கு இடப்பக்கம்தான் எப்போதும் பெரிய டிரம் நடந்து வரும்.

இப்போது வாசிக்கிறீர்களா? உங்கள் மாஸ்டர் என்ன ஆனார்?
- வாசகி, புரசைவாக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் வாசிக்கிறேன். சாயங்காலங்களில் மொட்டை மாடியில் அரை மணி நேரம், நீளமான நோட்டுகள் மட்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் படிக்கிற நேரம் என்பதால் ஆறு மணிக்கு நிறுத்திவிடுவேன்.

மாஸ்டர் 1986-ல் மகளோடு ஆஸ்திரேலியா போனார். போகும்போது அவருடைய டெனரை எனக்குக் கொடுத்தார், இன்றைக்கும் அதைத்தான் ஊதுகிறேன். நான் வாசிப்பதை விட்டுக் கேபிள் சுற்றப் போனதை அவருக்கு நாலு வருஷம் எழுதவில்லை. 1994-ல் முதல் முறையாக முழுக்க நானே பதிவு செய்து மிக்ஸ் பண்ணிய ஒரு கேசட் வந்தது, அதை ஒரு கடிதத்தோடு அனுப்பினேன். கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், சாக்ஸ் பெட்டியைத் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்பதையும். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, அவருடைய சாய்ந்த கையெழுத்தில் அரைப் பக்கம். பேரக்குழந்தைகள் பற்றி, குளிர் பற்றி, அங்கே நல்ல மாம்பழம் கிடைக்காதது பற்றி. நான் ஏன் வாசிக்கவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, இடம் இல்லாமல் நெருக்கி எழுதியிருந்தார்: மூன்றாவது பாட்டு, இரண்டாவது சரணத்தில் பேஸ் வாசிக்கிற பையன் அவசரப்படுகிறான், கவனித்தாயா?

கேசட்டைப் போட்டுக் கேட்டேன். அவசரப்பட்டுத்தான் இருந்தான்.